கவுண்ட் ஏறிய பிறகு

ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை முடிந்து வீடு திரும்பும் ஒவ்வொருவருக்கும் நாங்கள் ஒரு நோட்டுப் போடுவோம். நோயின் பெயர், தானம் கொடுத்தவர் யார், செல் ஏற்றிய தேதி, மாத்திரைகள், ரத்த அளவுகள் எல்லாம் அதில் வரும். இவை எல்லாவற்றுக்கும் மேலே, முதல் வரியில், அவர் செய்த வேலையை எழுதுவது என் வழக்கம். 'பனியன் கம்பெனித் தொழிலாளி' என்று எழுதினால் எனக்குப் போதாது. ஓவர்லாக் டெய்லரா, பேட்லாக் டெய்லரா, கட்டிங் மாஸ்டரா, செக்கிங்கா, அயர்னா, நிட்டிங் மிஷின் ஓட்டுகிறவரா, சாயப்பட்டறையில் நிற்கிறவரா என்று கேட்டுக்கொள்வேன். உட்கார்ந்து செய்யும் வேலையா, நின்று செய்வதா? பீஸ் ரேட்டா, ஷிப்ட் சம்பளமா? பெயர் கம்பெனிக் கணக்கில் இருக்கிறதா, கான்ட்ராக்டர் கணக்கிலா? ஒருவருடைய அடுத்த இரண்டு வருட வாழ்க்கை எப்படிப் போகும் என்பதை, ரத்தப் பரிசோதனைச் சீட்டுக்கு அடுத்தபடியாக எனக்குச் சொல்வது இந்த வரிதான்.

நான் பதினைந்து வேலம்பாளையத்தில் வளர்ந்தவள். அம்மா பனியன் கம்பெனியில் கைமடி வேலை பார்த்து என்னை நர்சிங் படிக்க வைத்தார். கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையின் எலும்பு மஜ்ஜை மாற்று வார்டில் பல வருடம் இருந்தேன். இப்போது சிகிச்சை முடிந்து ஊர் திரும்புகிறவர்களைத் தொடர்ந்து கவனிப்பது என் வேலை. திருப்பூர், அவிநாசி, பெருமாநல்லூர், பல்லடம், மங்கலம் பக்கத்து ஆட்கள் என் பொறுப்பு. வேலூரிலோ சென்னையிலோ சிகிச்சை எடுத்தவர்களும் யாராவது சொல்லி என்னைத் தேடி வருவதுண்டு.

டிஸ்சார்ஜ் ஆகும் நாளில் டாக்டர் நிதானமாக உட்கார்ந்து எல்லாம் சொல்வார். காய்ச்சல் 100.4 டிகிரி தொட்டால் ராத்திரியானாலும் கூப்பிட வேண்டும், எந்த மாத்திரையையும் தானாக நிறுத்தக் கூடாது, முகக்கவசம், கொதித்த தண்ணீர், கூட்டத்துக்குப் போகாதது. அவர் எழுந்து போனதும் நோயாளி என் பக்கம் திரும்புவார். "சிஸ்டர், வேலைக்கு எப்பங்க போலாம்?" அநேகமாக எல்லாரும் கேட்கும் முதல் கேள்வி இது. ஊரில் தவணை கட்டவேண்டிய வண்டி நிற்கிறது, பள்ளிக்கூடக் கட்டணம் இருக்கிறது, வாங்கிய கடன் இருக்கிறது. உயிர் பிழைத்தது பெரிய விஷயம் என்று அவருக்குத் தெரியாமல் இல்லை. பிழைத்த உயிரை வைத்து என்ன செய்வது என்பதுதான் அவர் கேட்பது.

சிகிச்சையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கடும் மருந்து கொடுத்து, சில சமயம் உடல் முழுவதும் கதிர்வீச்சும் கொடுத்து, நோயுற்ற மஜ்ஜையைக் காலி செய்கிறோம். பிறகு ஆரோக்கியமான ஸ்டெம் செல்லை ரத்தம் ஏற்றுவதுபோல் ரத்தக்குழாய் வழியாக ஏற்றுகிறோம். மல்டிபிள் மைலோமா போன்ற நோய்களுக்கு அவரவர் செல்லையே முன்கூட்டி எடுத்து வைத்துத் திருப்பிக் கொடுப்போம். அக்யூட் லுக்கீமியா போன்றவற்றுக்கு இன்னொருவர் செல் வேண்டும். உடன்பிறந்தவர் ஒருவரோடு முழுப் பொருத்தம் அமைய வாய்ப்பு நாலில் ஒன்று. அமையாவிட்டால் பாதிப் பொருத்தமுள்ள அப்பா, அம்மா, பிள்ளை கொடுக்கலாம். டாத்ரி போன்ற கொடையாளர் பதிவேடுகளிலும் தேடலாம். அமெரிக்க மருத்துவர் டொனால் தாமஸ் 1957இல் தொடங்கி வைத்த முயற்சி இது. அதற்காக அவருக்கு 1990இல் நோபல் பரிசு கிடைத்தது. இந்தியாவில் மும்பை டாட்டா நினைவு மருத்துவமனையில் 1983இல் தொடங்கியது, வேலூர் சி.எம்.சி.யில் 1986இல். இன்றும் திருப்பூரில் ஒருவருக்கு 'பிளட் கேன்சர்' என்றால் சொந்தக்காரர்கள் முதலில் சொல்லும் ஊர் வேலூர்தான். சேரன் எக்ஸ்பிரஸில் ஏறி விடியற்காலை காட்பாடியில் இறங்கி, இப்போது சி.எம்.சி.யின் ரத்தநோய்ப் பிரிவு இயங்கும் ராணிப்பேட்டை வளாகத்துக்குப் போய்ச் சேருகிற குடும்பங்கள் பல.

செல் ஏற்றும் நாளை 'டே ஜீரோ' என்போம். அதன் பின் இரண்டு மூன்று வாரம் வடிகட்டிய காற்று வரும் தனி அறையில் வாய்ப்புண்ணும் பேதியும் காய்ச்சலுமாகப் போகும். ஒரு நாள் காலை ரிப்போர்ட்டில் வெள்ளை அணுக்கள் தலைகாட்டும். நியூட்ரோபில் 500க்கு மேல் மூன்று நாள் தொடர்ந்து நின்றால் புதுச் செல் பிடித்துவிட்டது என்று அர்த்தம். "கவுண்ட் ஏறிருச்சு" என்று வராந்தாவில் ஒருவர் சொன்னால் பக்கத்து அறைக் குடும்பமும் கையெடுத்துக் கும்பிடும். வார்டில் அதைவிடப் பெரிய சந்தோஷம் கிடையாது. நானும் கும்பிட்டிருக்கிறேன். மற்றவர்கள் நினைப்பில் சிகிச்சைக் கதை அங்கே முடிந்துவிடுகிறது. என் வேலை அங்கேதான் ஆரம்பம்.

முதல் பிரச்சினை வீடு. எங்கள் ஊர் லைன் வீடுகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஒரே வரிசையில் எட்டு, பத்துக் குடும்பம், கடைசியில் பொதுக் கக்கூஸ், பொதுத் தொட்டி. நல்ல தண்ணி சில நாளைக்கு ஒருமுறை வரும். பிடித்து வைத்துப் புழங்க வேண்டும். மற்றதற்கெல்லாம் உப்புத் தண்ணி. நோய் எதிர்ப்புச் சக்தி கைக்குழந்தை அளவுக்குக்கூட இல்லாத ஒருவரை அந்த வீட்டுக்கு எப்படி அனுப்புவது? முதல் நூறு நாளைக்காவது தனிக் கக்கூஸ் உள்ள வீடு பாருங்கள் என்று சிகிச்சைக்கு முன்பே சொல்லிவிடுவேன். அட்வான்ஸ் பணம் திரட்ட அவகாசம் வேண்டுமல்லவா. பக்கத்தில் பழைய கட்டடம் இடிக்கிறார்களா, பஞ்சு குடோன் இருக்கிறதா என்றும் போய்ப் பார்ப்பேன். இடிபாட்டுத் தூசியில் வரும் ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை நமக்கு ஒன்றும் செய்யாது. இவர்கள் நுரையீரலில் குடியேறினால் உயிரை எடுத்துவிடும்.

சாப்பாட்டில் எங்கள் ஊர்ப் பழக்கம் பாதி கைகொடுக்கும், பாதி காலை வாரும். அரிசிம்பருப்பு சோறு போன்ற ஒரு பத்தியம் எந்த டயட்டீஷியனும் எழுதித் தர முடியாது. குக்கரில் வெந்தது, காரம் குறைவு, பருப்பின் புரதம் இருக்கிறது, வாய்ப்புண் உள்ளவரும் விழுங்கலாம். இறக்கியதும் சூட்டோடு சாப்பிட வேண்டும், மேலே பச்சைக் கொத்தமல்லி தூவக் கூடாது, அவ்வளவுதான். பழைய சோறு, புளித்த கம்பங்கூழ், மோர் எல்லாம் டாக்டர் சரி என்று சொல்லும்வரை நிறுத்தி வைக்க வேண்டும். பழைய சோறு உடம்புக்கு நல்லதென்று ஊரே பேசிக்கொண்டிருக்கும் காலத்தில் இதைப் பாட்டிகளிடம் புரியவைக்கப் பெரும்பாடு. சைக்ளோஸ்போரின் மாத்திரை எடுப்பவர்கள் பம்பளிமாஸ் பழத்தைத் தொடக் கூடாது. அந்த இனப் பழங்கள் மருந்தின் அளவை ரத்தத்தில் ஏற்றிவிடும். அந்த மாத்திரையின் அளவைச் சோதிக்கும் நாளில், ரத்தம் கொடுத்த பிறகுதான் காலை மாத்திரையைப் போட வேண்டும். வீட்டிலேயே விழுங்கிவிட்டு பஸ் ஏறி வந்தால் அன்றைய பரிசோதனை வீண், அன்றைய கூலியும் வீண்.

வேறொருவர் செல்லை வாங்கியவர்களுக்கு வரும் தொல்லையின் பெயர் ஜி.வி.எச்.டி. தானமாக வந்த அணுக்கள் இந்த உடம்பைத் தங்களுடையதென்று ஏற்காமல் தாக்குவது. கம்பெனிக்குப் புதிதாக வந்த வாட்ச்மேன் இருபது வருடத் தொழிலாளியை கேட்டில் நிறுத்தி யார் நீ என்று கேட்பதுபோல, என்று சொன்னால் எல்லாருக்கும் விளங்கிவிடும். நூறு நாளுக்குள் வருவது தோல், குடல், கல்லீரலைத் தாக்கும். நாள்பட வருவது கண், வாய், மூட்டு, நுரையீரல் என்று எங்கும் போகும். செல் வாங்கியவர்களில் பத்துக்கு மூன்று முதல் ஐந்து பேருக்கு இந்த நாள்பட்ட வகை வந்ததாக நெடுங்காலக் கணக்குகள் சொல்கின்றன. இப்போது மாற்று முடிந்த சில நாளில் சைக்ளோபாஸ்பமைடு கொடுக்கும் முறை வந்தபின் அது குறைந்திருக்கிறது. லேசான ஜி.வி.எச்.டி. ஒரு வகையில் துணை. மிச்சமிருக்கும் புற்று அணுக்களையும் அது தாக்கும். ஆனால் அதோடு வாழ்கிறவருக்கு ஒவ்வொரு நாளும் அது வேலை வைக்கும்.

பனியன் கம்பெனியில் அது எங்கே வந்து இடிக்கிறது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும்.

கண்ணில் தொடங்குகிறேன். நாள்பட்ட ஜி.வி.எச்.டி. கண்ணீர்ச் சுரப்பிகளை வற்றச் செய்துவிடும். கண்ணில் மணல் விழுந்த மாதிரி உறுத்தும், வெளிச்சம் கூசும். செக்கிங்கில் பதினோரு வருடம் இருந்த ஒரு பெண்மணி. ட்யூப் லைட்டுக்கு அடியில், வெள்ளைத் துணியில், ஒரு சின்ன ஓட்டையையும் எண்ணெய்க் கறையையும் நீடில் கட்டையும் கண்டுபிடிப்பது அவர் வேலை. தங்கை செல் கொடுத்து, நோய் போய், ஒரு வருடம் கழித்து வேலைக்குப் போனார். மதியத்துக்குள் கண் சிவந்து பீஸ் எல்லாம் கலங்கித் தெரிந்தது. "நோயி போயிருச்சுங்க சிஸ்டர். கண்ணுல தண்ணியும் போயிருச்சுங்க," என்றார். பதப்படுத்தும் மருந்து கலக்காத சொட்டு மருந்தை ஒன்றிரண்டு மணிக்கொரு தரம் விட வேண்டும், பக்கவாட்டில் மூடிய கண்ணாடி போட வேண்டும், தலைக்கு நேரே ஃபேன் ஓடக் கூடாது. மருந்தை டாக்டர் எழுதுவார். ஃபேனை யார் எழுதுவது? நான் போய் சூப்பர்வைசரிடம் பேசினேன். அவர் நல்ல மனுஷர். மேஜையை ஜன்னலோரம் மாற்றிப் போட்டு, வெள்ளைத் துணி இல்லாமல் கலர் துணி மட்டும் பார்க்கட்டும் என்றார். கலர் துணியில் கண் கூசுவது குறைவு என்பது அவராகச் சொன்ன யோசனை. எந்த மருத்துவப் புத்தகத்திலும் நான் அதைப் படித்ததில்லை.

அடுத்தது காலும் கையும். வின்கிரிஸ்டின், போர்ட்டிசோமிப் போன்ற மருந்துகள் நரம்பைத் தொடும். விரல் நுனியும் பாதமும் மரத்துப்போகும். டெய்லருக்குப் பாதம்தான் உயிர். மிஷின் ஓடும் வேகத்தை அவர் கண்ணால் பார்ப்பதில்லை, பெடலில் காலால் உணர்கிறார். "பெடல்ல கால் இருக்குதா இல்லியான்னே தெரியலீங்க, ஊசி ஓடறப்பதான் தெரியுது," என்று ஒரு ஓவர்லாக் டெய்லர் சொன்னார். அந்த நிலையில் மிஷினில் உட்கார்ந்தால் ஊசி விரலில் ஏறும். பிளேட்லெட் குறைவாக இருக்கும் நாளில் ரத்தம் நிற்காது. பலருக்கு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல உணர்வு திரும்பும். அதுவரை ஸ்டிக்கர் ஒட்டுவது, பாலிபேக் போடுவது. சம்பளம் டெய்லருக்குப் பாதிதான் வரும். அதையும் மறைக்காமல் முதலிலேயே சொல்லிவிடுவேன்.

கட்டிங் மாஸ்டர்களுக்கு இடுப்பு. ஜி.வி.எச்.டி.க்கு ஸ்டீராய்டு மாதக்கணக்கில் கொடுக்க நேர்ந்தால் தொடை எலும்பின் தலைக்குப் போகும் ரத்த ஓட்டம் குறைந்து எலும்பு செத்துப்போகலாம். தொடையிடுக்கில் வலி என்பார்கள். நின்று நின்று வந்த வலி என்று தைலம் தேய்த்துக்கொண்டே மேஜை முன் நிற்பார்கள். ஸ்டீராய்டு எடுத்தவர் இடுப்பு வலி என்றால் எக்ஸ்ரேயோடு விடக் கூடாது. ஆரம்பத்தில் எக்ஸ்ரேயில் தெரியாது, எம்.ஆர்.ஐ.யில்தான் தெரியும். சீக்கிரம் பிடித்தால் காலைக் காப்பாற்ற வழி இருக்கிறது.

எனக்கு மிகவும் பயம் தருவது நுரையீரல். ஜி.வி.எச்.டி. மூச்சுக்குழாயின் நுண் கிளைகளைச் சுருக்கி அடைத்துவிடும் ஒரு நிலை உண்டு. காய்ச்சல் இருக்காது, சளி இருக்காது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கும், அவ்வளவுதான். பஞ்சு பறக்கும் ஹாலில் வேலை செய்கிறவருக்கு மூச்சு வாங்குவது புதிதா என்ன, அவர் சொல்லவே மாட்டார். அதனால் ஊதிப் பார்க்கும் பரிசோதனையை மூன்று மாதத்துக்கொரு முறை விடாமல் செய்யச் சொல்கிறோம். பருத்தித் தூசியில் பாக்டீரியாவின் நச்சும் பூஞ்சை விதைகளும் சேர்ந்தே பறக்கின்றன. நிட்டிங் ஹாலும் கட்டிங் மேஜையும் குறைந்தது ஒரு வருடத்துக்கு வேண்டாம். ரெய்சிங் மிஷின் பக்கம் பிறகும் வேண்டாம் என்பது என் அழுத்தமான கருத்து. குளிர்காலத் துணிக்காக நூலைச் சீவி மயிர்போல எழுப்பும் அந்த மிஷினைச் சுற்றி நிற்பவர் கண்ணிமையெல்லாம் வெள்ளையாகிவிடும்.

சாயப்பட்டறையிலிருந்து வருகிறவர்கள் வேறொன்றும் கேட்பார்கள். "இது சாயத்துனால வந்துச்சுங்களா?" பென்சீன் என்ற வேதிப்பொருள் லுக்கீமியாவை உண்டாக்கும் என்பது உறுதியான உண்மை. சில அஸோ சாயங்கள் உடைந்து வெளிவிடும் அமீன்கள் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் தருபவை. அதனால்தான் ஜெர்மனி 1994இல் அவற்றைத் தடுத்தது, நம் ஏற்றுமதியாளர்களும் சாயத்தை மாற்ற வேண்டிவந்தது. ஆனால் ஒரு தனி மனிதரின் லுக்கீமியாவைக் காட்டி இதனால்தான் வந்தது என்று எந்தப் பரிசோதனையும் சொல்லாது. கேட்பவர் மனதில் 'நான் பார்த்த வேலையே என்னைக் கெடுத்ததா' என்ற வேதனை இருக்கிறது. உங்கள் தப்பு எதுவும் இல்லை என்பதை மட்டும் அழுத்திச் சொல்வேன்.

இங்கே ஒரு விஷயம் சொல்லிப் போக வேண்டும். சி.எம்.எல். என்ற நாள்பட்ட ரத்தப் புற்றுநோய்க்கும் ஒரு காலத்தில் மாற்று சிகிச்சைதான் கதி. 2001இல் இமாட்டினிப் மாத்திரை வந்தது. அதன் காப்புரிமை வழக்கில் 2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் நோவார்ட்டிஸ் கம்பெனியின் கோரிக்கையை நிராகரித்ததால் நம் நாட்டுக் கம்பெனிகளின் மலிவு மாத்திரை தொடர்ந்து கிடைக்கிறது. அந்த நோயாளிகள் பலர் இன்று தினம் மாத்திரை போட்டுக்கொண்டு ஒன்றரை ஷிப்ட் தைக்கிறார்கள். 'பிளட் கேன்சர்' என்றதும் எல்லாரையும் ஒரே பட்டியலில் போட்டு வேலையை விட்டு நிறுத்தும் சூப்பர்வைசர்களுக்கு இந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

பேசாமல் விடப்படும் பகுதிக்கு வருகிறேன். கடும் மருந்தின் பின் பெரும்பாலான பெண்களுக்கு மாதவிடாய் நின்றுவிடுகிறது, இருபத்தாறு வயதிலும். உடம்பில் அனல் பறப்பது, தூக்கம் வராதது, எலும்பு தேய்வது எல்லாம் அந்த வயதிலேயே வந்துவிடும். ஜி.வி.எச்.டி. பெண்ணுறுப்பையும் தாக்கும், வறட்சி, புண், நெருங்கினால் தாங்க முடியாத வலி. க்ரீம் இருக்கிறது, சிகிச்சை இருக்கிறது, கேட்டால் கிடைக்கும். யார் கேட்பது? ஆண் டாக்டர் முன்னால், மாமியார் பக்கத்தில் உட்கார்ந்திருக்க, அந்தப் பெண் எப்படி வாய் திறப்பாள்? கூட வந்தவர்களை வெளியே அனுப்பிவிட்டு நானே கேட்பேன். கேட்டதும் அழுதவர்கள் அநேகம். "எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சேங்க அக்கா." புருஷனுக்கு வேறு விதமான பயம், தொட்டால் கிருமி போய்விடுமோ என்று. அவரையும் கூப்பிட்டுப் பேச வேண்டும்.

கல்யாணமாகாத பையன்களுக்கு மருந்து தொடங்கும் முன்பே விந்தணுவை உறையவைத்துச் சேமிக்கலாம் என்று சொல்லியாக வேண்டும். என்னிடம் வந்தவர்களில் சிலருக்கு, முதலில் பார்த்த இடத்தில் யாரும் அதைச் சொல்லவே இல்லை. நோய் போய் நாலு வருடம் கழித்துப் பெண் பார்க்கும்போது தெரியவருகிறது. அவசரத்தில் மறந்தது என்று இதை என்னால் ஏற்க முடியாது. அரை மணி நேரப் பேச்சு. அது அவனுடைய வாழ்க்கை.

ஊருக்குள் பேச்சுகளும் இருக்கின்றன. ஒட்டிக்கொள்ளுமா என்று கேட்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள், ஒட்டாது. உண்மையில் பயப்பட வேண்டியவர் நோயாளிதான், இருமுகிற நம்மைப் பார்த்து. அவிநாசித் தேருக்கும் கொண்டத்துக்காளியம்மன் கோயில் குண்டத்துக்கும் ஒரு வருடம் போகாமல் இருப்பது அவர்களுக்கு எத்தனை பெரிய இழப்பு என்பது கொங்கு நாட்டாருக்குப் புரியும். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிகளின் பலன் பெரும்பாலும் போய்விடுவதால், ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடத்துக்குள் தொடங்கி ஒவ்வொன்றாகத் திரும்பப் போடுகிறோம். அம்மை போன்ற உயிர்க்கிருமித் தடுப்பூசிகள் இரண்டு வருடத்துக்குப் பிறகுதான், அதுவும் ஜி.வி.எச்.டி. இல்லாமல், எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மாத்திரைகள் நின்றிருந்தால் மட்டும். இன்னொன்று பலருக்கும் தோன்றாது. தானம் கொடுத்தவரின் ரத்த வகை வேறாக இருந்தால் வாங்கியவரின் ரத்த வகையே மாறிவிடும். கம்பெனி ஐ.டி. கார்டில் பழைய வகைதான் அச்சாகியிருக்கும். கார்டை மாற்றச் சொல்லி கம்பெனிக்குக் கடிதம் எழுதிக் கொடுப்பது என் வேலைகளில் ஒன்று. இவர்களுக்குக் கதிர்வீச்சு செய்த ரத்தம்தான் ஏற்ற வேண்டும் என்பதையும் அதில் சேர்த்து எழுதுவேன்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் வாழ்க்கைத் தரம் என்று பேசுவதில் அர்த்தமில்லை. இன்னொருவர் செல் ஏற்றும் சிகிச்சை தனியாரில் பத்து லட்சத்தைத் தாண்டும். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் எலும்பு மஜ்ஜை மாற்றுக்குத் தனி நிதி வைத்திருக்கிறது. அதனால் கரையேறியவர்கள் என் நோட்டில் நிறைய. ஆனால் குடும்பங்களைச் சாய்ப்பது அதற்குப் பின் வரும் ஒரு வருடம். மாத்திரை, பரிசோதனை, கார் வாடகை, தனி வீட்டு வாடகை. சம்பாதித்தவர் படுத்திருக்க, கூட இருக்க ஒருவர் வேலையை விட்டிருக்க, இரண்டு கூலி ஒரே சமயத்தில் நின்றுபோகிறது. சனிக்கிழமை சம்பளத்தில் ஓடும் வீடு அது.

இதற்கு எங்கள் ஊரில் கையிலேயே ஒரு வழி இருக்கிறது, தொழிலாளர் காப்பீடான ஈ.எஸ்.ஐ. மாதம் 21,000 ரூபாய் வரை வாங்குகிறவர்களுக்கு 2017 முதல் அது பொருந்தும். சாதாரண நோய்க்கு வருடத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம் கிடைக்கும். புற்றுநோயும் சேர்ந்த 34 நீண்டகால நோய்களுக்கு அதன் பின்னும் நீட்டி, 80 சதவீதம், இரண்டு வருடம் வரை கொடுக்கிறார்கள். நினைத்துப் பாருங்கள், ஸ்டெம் செல் மாற்று செய்தவருக்கு அந்த இரண்டு வருடம்தான் வேண்டும். ஆனால் நிபந்தனை உண்டு. இரண்டு வருடம் தொடர்ந்து ஈ.எஸ்.ஐ. கட்டும் வேலையில் இருந்திருக்க வேண்டும். அதில் குறைந்தது 156 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும். எங்கள் டெய்லர்கள் ரேட் ஐம்பது பைசா கூட என்றால் கம்பெனி மாறுகிறவர்கள். கான்ட்ராக்டர் கணக்கில் ஆறு மாதம் பெயர் இருக்கும், ஆறு மாதம் இருக்காது. பிடித்தம் வேண்டாம், கையில் முழுசாகக் கொடுங்கள் என்று கேட்டு வாங்கியவர்களும் உண்டு. தொழிலாளியின் பங்கு 0.75 சதவீதம்தான். ஆயிரம் ரூபாய்க்கு ஏழரை ரூபாய். அந்த ஏழரை ரூபாய் இல்லாமல் வீட்டை விற்றவர்களை எனக்குத் தெரியும். ஒடிசா, பீகாரிலிருந்து வந்து வேலை செய்யும் பையன்கள் நிலை இன்னும் மோசம். அட்டை எண்ணே தெரியாது.

எங்கள் துறையில் வாழ்க்கைத் தரத்தை அளக்க வினாப்பட்டியல் ஒன்று உண்டு. எலும்பு மஜ்ஜை மாற்று செய்தவர்களுக்கென்றே 1997இல் அமெரிக்காவில் வெளியிட்டது. ஏறக்குறைய ஐம்பது வாக்கியங்கள். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து நாலு வரை மதிப்பெண். உடம்பின் தெம்பு, வீட்டாரின் துணை, மனக்கவலை, வேலை செய்ய முடிகிறதா, தோற்றத்தை ஏற்றுக்கொள்ள முடிகிறதா என்று போகும். நல்ல பட்டியல், நானும் பயன்படுத்துகிறேன். சியாட்டில் நகரின் ஃப்ரெட் ஹட்சின்சன் மையத்தார் 2004இல் வெளியிட்ட ஐந்தாண்டு ஆய்வு ஒன்று எப்போதும் என் நினைவில் நிற்கும். உடல், மனம், வேலை என்று எல்லா வகையிலும் மீண்டவர்கள் ஒரு வருட முடிவில் நூற்றுக்கு 19 பேர். ஐந்து வருட முடிவில் 63 பேர். ஆறு மாதத்தில் பழையபடி தைக்க முடியவில்லையே என்று குமுறுகிறவரிடம் இந்தக் கணக்கைச் சொல்வேன். "அமெரிக்காக்காரங்களுக்கே அப்படிங்களா?" என்று கொஞ்சம் ஆறுவார்கள். அசதி என்பது சோம்பல் இல்லை, நோயின் எச்சம். அதற்குத் தினம் நடப்பதும் மெல்ல வேலையைக் கூட்டுவதும்தான் மருந்து என்பதை வீட்டாருக்கும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாமனார்கள் முக்கியமாகக் கேட்க வேண்டும்.

எல்லாரும் மீள்வதில்லை. கவுண்ட் ஏறி, வீட்டுக்குப் போய், ஏழாம் மாதம் நோய் திரும்பியவர்கள் இருக்கிறார்கள். ஒரு பேட்லாக் டெய்லர், முப்பத்திச் சொச்சம் வயது. நோய் திரும்பியது தெரிந்த பிறகும் வீட்டில் ஒரு பழைய மிஷினைப் போட்டு, மகளின் பள்ளிச் சீருடையைத் தைத்து முடித்தார். கடைசி வாரங்களில் வலி மருந்தை எந்த நேரத்துக்குக் கொடுத்தால் அவர் தெளிவாக உட்கார முடியும் என்று டாக்டரோடு கலந்து மாற்றி மாற்றி அமைத்தோம். அந்த நாட்களின் தரமும் என் பொறுப்புதான் என்று நான் நம்புகிறேன். அவர் நோட்டை மூடும்போது வேலை என்ற வரியில் 'டெய்லர்' என்பதை நான் அடிக்கவில்லை.

முன்பைவிட இன்று சில விஷயங்கள் எளிதாகியிருக்கின்றன. திருப்பூரிலேயே அரசு மருத்துவக் கல்லூரி 2022 ஜனவரியில் திறந்துவிட்டார்கள். ஒரு சின்னக் காய்ச்சலுக்கும் ரத்த எண்ணிக்கைக்கும் கோவைக்கு ஓட வேண்டியதில்லை. நோயாளிகள் கால் வீக்கத்தையும் தோல் தடிப்பையும் போட்டோ எடுத்து இரவிலேயே அனுப்பிவிடுகிறார்கள். ஆனால் கம்பெனி வாசலைத் தாண்டி மருத்துவம் போக முடியாது. அங்கே மனிதர்கள்தான் செய்ய வேண்டும்.

ஆகவே முதலாளிகளுக்கும் மேனேஜர்களுக்கும் லைன் சூப்பர்வைசர்களுக்கும் என் வேண்டுகோள் இது. உங்கள் தொழிலாளிக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரிந்தால் கணக்கிலிருந்து பெயரை எடுத்துவிடாதீர்கள், ஈ.எஸ்.ஐ. தாள்களில் அந்த வாரமே கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். சிகிச்சை முடிந்து திரும்பும்போது பஞ்சு பறக்காத இடத்தில், ஃபேனுக்கு நேர் கீழே இல்லாத மேஜையில், உட்கார்ந்து செய்யும் அரை ஷிப்ட் வேலை ஒன்றை ஒரு வருடத்துக்குக் கொடுங்கள். பார்கோடு ஒட்டுவது, டிரிம்ஸ் ஸ்டோர் கணக்கு, சாம்பிள் பீஸ் சரிபார்ப்பது என்று ஒவ்வொரு கம்பெனியிலும் அப்படி ஒரு வேலை இருக்கிறது. டீ இடைவேளையில் வாளித் தண்ணீரில் அலசிய பொது டம்ளர் வேண்டாம், சொந்த டம்ளரில் குடிக்க விடுங்கள். பரிசோதனை நாளில் லீவு கேட்டால் முகம் சுளிக்காதீர்கள். தொழிலாளிகளே, நீங்கள் இந்தச் சனிக்கிழமை சம்பளம் வாங்கும்போது உங்கள் ஈ.எஸ்.ஐ. எண்ணைக் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; சந்தா ஒழுங்காகக் கட்டப்படுகிறதா என்று ஆறு மாதத்துக்கொரு முறை பாருங்கள்.